தோலை இழுத்துப் பிடிக்கிற கை

1

1950களின் அமெரிக்காவில் பச்சை குத்துவதைத் தபாலில் கற்றுக்கொள்ள முடிந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரத்தில் மில்டன் ஸைஸ் என்பவர் டாட்டூ சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். மெஷின், ஊசி, மை, மாதிரிப் படங்கள் எல்லாம் அவரிடம் கிடைக்கும். கூடவே ஓர் அஞ்சல்வழிப் பாடத்திட்டமும் நடத்தினார். பணம் அனுப்பினால் பாடங்கள் வீட்டுக்கு வந்து சேரும். யூடியூபும் அமேசானும் சேர்ந்து இன்றைக்குச் செய்கிற வேலையை எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தபால்காரரை நம்பிச் செய்திருக்கிறார்.

அந்தப் பாடத்தை வாங்கியவர்களில் ஒருவர் சாமுவேல் ஸ்டூவர்ட். சிகாகோவில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர். 1934இல் முனைவர் பட்டம் பெற்றவர், நாவல் எழுதியவர், கெர்ட்ரூட் ஸ்டைனின் நண்பர். நாற்பதைத் தாண்டிய வயதில் அவருக்கு டாட்டூ மேல் பித்துப் பிடித்தது. புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் தபாலில் வந்தது அவருக்குப் போதவில்லை. பக்கத்து மாநிலத்தில் இருக்கும் மில்வாக்கிக்குப் போய் அமுண்ட் டீட்ஸெல் என்பவரின் கடையில் நின்றார். டீட்ஸெல் நார்வேயில் பிறந்தவர், கப்பலில் வேலை பார்த்தவர். கடலில் கற்ற வித்தையை வைத்துக் கரையில் கடை போட்டவர். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர், முன்னாள் மாலுமியின் பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூவர்ட் பிறகு 'ஃபில் ஸ்பாரோ' என்ற பெயரில் சிகாகோவில் கடை வைத்தார். பகலில் பேராசிரியர், மற்ற நேரத்தில் பச்சை குத்துகிறவர். 1956இல் இந்த இரண்டாவது வாழ்க்கை வெளியே தெரிந்து பல்கலைக்கழக வேலை போனது. அவர் அதைப் பெரிய நஷ்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

தபாலில் வராத எது மில்வாக்கியில் கிடைத்தது? இந்தக் கேள்வி எனக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தது.

2

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். எனக்குத் தெரிந்த வேலையில் முக்கால்வாசியை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. கல்லூரியில் படித்தது ஒன்று, ஆபீஸில் செய்வது வேறொன்று. நடுவில் இருந்த பள்ளத்தை டாக்குமென்டேஷனும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முகம் தெரியாமல் பதில் எழுதிய புண்ணியவான்களும்தான் நிரப்பினார்கள். தப்புப் பண்ணினால் பழைய கமிட்டுக்குத் திரும்பிவிடலாம். புரொடக்‌ஷனில் விழுந்தால்கூட ரோல்பேக் இருக்கிறது. அதனால் குரு, சிஷ்யன் என்று யாராவது பேசினால் எங்கள் துறையில் லேசாகச் சிரிப்போம்.

கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் நன்றாகப் படம் போடுவான். வேலையை விட்டுவிட்டு டாட்டூ கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னான். இரண்டு இடத்தில் விசாரித்திருந்தான். ஓரிடத்தில் சில வாரக் கோர்ஸ், கட்டணம், முடிவில் சர்டிஃபிகேட். இன்னோரிடத்தில் இருந்தவர், "பணம் வேணாம் தம்பி, ஒரு வருஷம் வந்து கூட இரு. முதல் ஆறு மாசம் மெஷினைத் தொடக் கூடாது" என்றாராம். "ண்ணா, ரெண்டாவது ஆளு ஓசியில வேலை வாங்கப் பார்க்குறாரா, இல்ல நெசமாவே அவ்ளோ நாளாகுமா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலை மனிதர்கள் எப்படிக் கைமாற்றி வந்திருக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கியது அதற்காகத்தான்.

முதலில் தோல். நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. மை அங்கேயே நின்றால் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் டெர்மிஸ் அடுக்கில் போய் உட்கார்ந்தால்தான் நிற்கும். ஆழம் ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். அதையும் தாண்டினால் மை பரவி, கோடு தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி ஊறிப்போகும். இந்த அளவும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முழங்கையின் உட்புறம் மெல்லிசு, முதுகு தடிப்பு, விலாவில் மூச்சு ஏறி இறங்கும். வயசான தோல் வேறு, வெயிலில் காய்ந்த தோல் வேறு.

உள்ளே போன மையை உடல் விட்டுவைப்பதும் விநோதம்தான். மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் அதை அந்நியப் பொருளாக நினைத்து விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இது: அந்தச் செல் சாகும்போது மையை வெளியே விடுகிறது, புதிதாக வந்த செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. நாம் பார்க்கும் படம் அப்படியே இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் செல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பழகுவதற்கு வாழைப்பழத்தோல், ஆரஞ்சுத்தோல், பன்றித்தோல், இப்போது சிலிக்கான் தோல் என்று பலதும் உண்டு. எதற்கும் வலிக்காது. எதுவும் மூச்சு விடாது, கையை வெடுக்கென்று இழுக்காது. குத்துகிறவரின் வலது கை ஊசியைப் பிடிக்கிறது என்றால், இடது கை தோலை இழுத்து மேளத்தோல் மாதிரி விறைப்பாக வைத்திருக்க வேண்டும். விறைப்பு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஓவியனின் கோடும் நடுங்கும். எவ்வளவு இழுப்பது என்பதை எழுதி வைக்க முடியாது. பக்கத்தில் நின்று பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சமோவாத் தீவுகளில் பாரம்பரியமாகப் பச்சை குத்தும் ஆசானைச் சுற்றி எப்போதும் உதவியாட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தோலை இழுத்துப் பிடிப்பதும் ரத்தத்தைத் துடைப்பதும் அவர்கள் வேலை. ஆசான் சுத்தியால் தட்டத் தட்ட, அந்த அதிர்ச்சி முதலில் உதவியாளின் விரலுக்குத்தான் போகும். மில்வாக்கியில் கிடைத்ததும் தபாலில் வராததும் இந்த விரல் அறிவுதான் என்று நினைக்கிறேன்.

3

ஸ்டூவர்ட் 1960களில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்குக் கடையை மாற்றினார். அங்கே ஒரு மாணவன் அவரைத் தேடி வந்தான். பெயர் டான் எட் ஹார்டி. 1945இல் பிறந்தவன். பத்து வயதில் ஐலைனரும் கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மேல் டாட்டூ வரைந்து விளையாடியவன். சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் அச்சோவியம் படித்து 1967இல் பட்டம் வாங்கினான். மேற்படிப்புக்கு யேல் பல்கலைக்கழகத்தில் இடம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, மாலுமிகளும் மோட்டார் சைக்கிள் கும்பல்களும் வந்துபோகும் ஒரு கடையில் தொழில் பழகத் தீர்மானித்தான்.

நம்மூரில் மெக்கானிக் ஷாப்பில் பையனை விடும்போது "தொழில் கத்துக்க விட்டிருக்கோம்" என்பார்கள். அது பெரும்பாலும் படிப்பு ஏறாத பையனுக்குச் சொல்வது. யேலை விட்டுவிட்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் இந்தக் கடைக்காரர் சாதாரணக் கடைக்காரர் இல்லை. ஸ்டூவர்ட் அவனுக்கு ஜப்பானியப் பச்சைகளைப் பற்றிய புத்தகத்தைக் காட்டினார். முதுகு முழுக்க, தோள் முதல் தொடை வரை ஒரே படமாக ஓடும் அந்த உடல்கள் ஹார்டியின் தலையெழுத்தை மாற்றின.

அடுத்த கண்ணி ஹொனலுலுவில் இருந்தது. நார்மன் காலின்ஸ், ஊரறிந்த பெயர் 'செய்லர் ஜெர்ரி'. துறைமுகத்துக்கு வரும் கடற்படைக்காரர்களுக்குப் பச்சை குத்திக்கொண்டே, ஜப்பானிய ஆசான்களோடு கடிதம் எழுதித் தொழில் பேசியவர். கருவிகளை ஆட்டோகிளேவில் கிருமி நீக்குவதைத் தொடங்கிவைத்த முன்னோடிகளில் ஒருவர். அரைகுறைகளைக் கண்டால் ஆகாது. தன் காலத்துக்குப் பிறகு கடையை மூன்று பேரில் ஒருவர் வாங்க வேண்டும், இல்லையென்றால் எரித்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார் என்பார்கள். அந்த மூவரில் ஹார்டியும் ஒருவர். 1973இல் ஜெர்ரி இறந்தபோது மைக் மலோன் கடையை வாங்கிக்கொண்டார். ஹார்டி, ஜெர்ரி மூலம் கிடைத்த தொடர்பை வைத்துக்கொண்டு அதே ஆண்டு ஜப்பானின் கிஃபு நகரத்துக்கு, ஹோரிஹிதே என்ற ஆசானிடம் போய்ச் சில மாதங்கள் வேலை பார்த்தார்.

ஜப்பானில் இந்தத் தொழில் கைமாறும் விதம் தனி. 'ஹோரு' என்றால் செதுக்குவது. ஆசான்களின் பெயர்கள் 'ஹோரி' என்று தொடங்குவது அதனால்தான். சீடன் ஆசானின் வீட்டிலேயே தங்குவான். வீடு பெருக்குவான், சமைப்பான், மை அரைப்பான், ஊசி கட்டுவான், ஆசான் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் ஊசி கைக்கு வரும்போது முதல் தோல் அவனுடைய சொந்தத் தொடைதான். யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி, பதினொன்று பன்னிரண்டு வயதில் பொதுக் குளியலறையில் உடல் முழுக்கப் பச்சை குத்திய ஒருவரைப் பார்த்து மயங்கியவர். 25 வயதில் முதலாம் ஹோரியோஷியிடம் சேர்ந்தார். சீடராக இருந்தது 10 ஆண்டுகள். மூன்றாம் என்ற அடையோடு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு இறுக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1872 முதல் 1948 வரை ஜப்பானில் பச்சை குத்துவது சட்டவிரோதம். தடை செய்யப்பட்ட தொழிலுக்குப் பள்ளிக்கூடம் இருக்காது, பாடப்புத்தகம் இருக்காது. ஒரு வீடும், அதில் நம்பிக்கையான ஒருவனும்தான் இருக்க முடியும். அமெரிக்காவிலும் கதை அதிகம் வேறல்ல. ஹெபடைடிஸ் பரவுகிறது என்று சொல்லி நியூயார்க் நகரம் 1961இல் தடை போட்டது, 1997இல்தான் எடுத்தது. மில்வாக்கி 1967இல் தடை போட்டதோடு டீட்ஸெலின் கடையும் முடிந்தது. அந்த வருஷங்களில் தொழில், தெரிந்தவர் வழியாக மட்டும் போயிற்று.

4

கதவு ஒன்று இருந்தால் அதற்கு வெளியே நிற்கிறவர்களும் இருப்பார்கள்.

மாட் வாக்னர் சர்க்கஸில் உடலை வளைத்து வித்தை காட்டியவர். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் கஸ் வாக்னர் என்ற பச்சை குத்துகிறவரைச் சந்தித்தார். கஸ் அவரை வெளியே அழைக்க, தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் வருகிறேன் என்று மாட் பேரம் பேசியதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் பெயர் தெரிந்த முதல் பெண் பச்சைக் கலைஞர் அவர். ஒரு பெண் அந்தத் தொழிலுக்குள் நுழைய அன்றைக்கு இருந்த வாசல் அவ்வளவுதான், காதலோ கல்யாணமோ. அவர்கள் மகள் லொட்டேவா சிறுமியாக இருக்கும்போதே குத்தத் தொடங்கினாள். ஆனால் அவள் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மகளைக் கஸ் குத்தக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாராம். 1993இல் இறந்த லொட்டேவா கடைசியாகக் குத்தியது ஒரு ரோஜா. குத்திக்கொண்டவர் எட் ஹார்டி.

இலவச உழைப்பும் இந்தக் கதவின் இன்னொரு முகம். வீட்டு வாடகை கட்ட வேண்டியவனால் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் தரை துடைக்க முடியாது. சொல்லித்தருகிறேன் என்று சொல்லிக் கடைசிவரை சொல்லித்தராத ஆசான்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு, இங்கும் உண்டு. ஆக அந்தத் தம்பியின் சந்தேகம் நியாயமானதுதான். முன்பெல்லாம் புதியவன் ஊசிகளைக் கம்பியில் பற்றவைத்தான், மெஷினைக் கழற்றி மாட்டினான், மை கலந்தான். எடுபிடி வேலைக்குள்ளேயே பாடமும் இருந்தது. இப்போது ஊசி, ஒருமுறை மாட்டித் தூக்கியெறியும் கார்ட்ரிட்ஜாக வருகிறது. பாடம் போய்விட்டது, எடுபிடி வேலை மட்டும் பல இடங்களில் மிச்சமிருக்கிறது.

கதவை முற்றாகச் சாத்திவைத்த ஊரும் ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸின் காலிங்கா மலைகளில் புஸ்கலான் என்ற கிராமம். 1917இல் பிறந்த வாங்-ஓட் அங்கே முள்ளும் மூங்கில் சுத்தியும் கரியும் வைத்துப் பச்சை குத்துகிறவர். பதின்ம வயதில் அப்பாவிடம் கற்றார். ரத்த உறவு இல்லாதவர்கள் குத்தினால் புண் சீழ்பிடிக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் உடன்பிறந்தவர்களின் பேத்திகளான கிரேஸ், எல்யாங் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். 2021இல் வாங்-ஓட் பெயரில் ஓர் இணைய வகுப்பு அறிவிக்கப்பட்டது. கிரேஸ் எதிர்த்துப் பேசியதும் அது நீக்கப்பட்டது.

என் துறைப் பழக்கத்தில் அந்த நம்பிக்கையை ஓர் அனுமதி விதியாகத்தான் முதலில் வாசித்தேன். யாருக்கு ஆக்சஸ் உண்டு, யாருக்கு இல்லை. ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது. புண் சீழ்பிடித்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். குத்தியவர் ஓடிப்போக முடியாது. ரத்த உறவு என்பது அங்கே தகுதிச் சான்றிதழ் மட்டுமில்லை, முகவரியும்கூட.

5

பச்சை என்ற சொல்லே நம் தோலின் வேலைதான். உள்ளே போவது கறுப்புக் கரி. மேலே இருக்கும் தோலின் வழியாக வெளிச்சம் சிதறி வருவதால் அது நமக்கு நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. தமிழ்நாட்டில் அதைக் குத்தியவர்களில் குறவர் சமூகத்துப் பெண்கள் முக்கியமானவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் பச்சை குத்துவதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்.

என் அப்பத்தாவின் முன்னங்கையில் ஒரு கோலம் இருந்தது. புள்ளியைச் சுற்றி வளைந்து வரும் கம்பிக் கோலம். சாகும்போது கூட வருகிற ஒரே நகை பச்சைதான் என்று சொல்லும். யார் குத்தியது என்று ஒருமுறை கேட்டேன்.

"குறத்தி வந்து குத்துனா. வெளக்குக் கரியும் கரிசலாங்கண்ணிச் சாறும் கொழச்சு வச்சிருந்தா. வலி தெரியாம இருக்கப் பாட்டுப் பாடுவா. நெல்லுதான் கூலி."

"பேரு என்ன அப்பத்தா?"

"பேரு யாருக்குத் தெரியும்? குறத்தின்னுதான் கூப்புடுவோம். கூட ஒரு சின்னப் புள்ள வந்துச்சு. அதுதான் என் கையை இழுத்துப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பொடிப் புள்ள, என்னா புடி!"

அந்தப் பொடிப் பிள்ளையை நான் பல நாள் மறந்திருந்தேன். சமோவாவின் உதவியாட்களைப் பற்றிப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு யாரும் தொழில் பழகுநர் என்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் செய்தது அதுதான். கூடை தூக்கி வந்து, தோலை இழுத்துப் பிடித்து, பாட்டைக் காதில் வாங்கி, ஒரு நாள் ஊசியைக் கையில் வாங்கப் போகிறவள்.

வாங்கினாளா என்பதுதான் கேள்வி. அவளுடைய பள்ளிக்கூடம் நடந்துகொண்டே இருக்க வேண்டிய பள்ளிக்கூடம், ஊர் ஊராகப் போனால்தான் தொழில். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டு, சென்னை மாகாணத்தில் குறவர்கள் உட்படப் பல சமூகங்கள் மேல் பாய்ந்தது. கைரேகை, பதிவு, காவல் நிலையத்தில் ஆஜர். ஊர் சுற்றுவதையே சந்தேகமாகப் பார்த்த சட்டம், ஊர் சுற்றிச் சொல்லிக்கொடுத்த ஒரு தொழிலை என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். சட்டம் போன பிறகு நாகரிகம் வந்தது. படித்த பிள்ளைகள் பச்சையைப் பட்டிக்காட்டு அடையாளமாகப் பார்த்தார்கள். என் அத்தைகள் யாரும் குத்திக்கொள்ளவில்லை. குத்திக்கொள்ள ஆள் இல்லாதபோது சொல்லிக்கொடுக்க எங்கே தோல் கிடைக்கும்?

டீட்ஸெல், ஸ்டூவர்ட், ஹார்டி என்று அமெரிக்கச் சங்கிலியை என்னால் பெயர் பெயராகச் சொல்ல முடிகிறது. மூன்று பேரையும் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கையில் கோலம் போட்டவளுக்குச் சாதிப் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. இன்று சென்னையில் ஸ்டூடியோ நடத்துகிறவர்கள் பழகுவது செய்லர் ஜெர்ரியின் நங்கூரங்களையும் ஜப்பானிய டிராகன்களையும்தான். அதில் எனக்குப் புகார் இல்லை, அவை நல்ல படங்கள். கம்பிக் கோலத்தைப் போட யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தந்திருக்கக் கூடியவர்களை நாம் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வைத்திருந்தோம் என்பது மட்டும் உறுத்துகிறது.

6

ஆசானுக்குப் பதிலாக அரசாங்கமே தகுதியை முடிவு செய்தால் என்ன? ஜப்பானில் அப்படியும் ஒரு வழக்கு நடந்தது. பச்சை குத்துவது மருத்துவச் செயல், மருத்துவர் உரிமம் வேண்டும் என்று சொல்லி 2015இல் ஒசாகாவைச் சேர்ந்த ஒரு கலைஞர் மேல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அபராதம் விதித்தது. 2018இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டாக்டர் பட்டம் வாங்கி வா என்பது மூன்றாம் ஹோரியோஷியின் பத்து வருஷத்தைவிடப் பெரிய கதவு. கிருமி நீக்கத்தைச் சட்டம் கட்டாயமாக்கலாம், ஆக்கவும் வேண்டும். கோடு நடுங்காமல் இருக்கச் சட்டம் போட முடியாது.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தகவல் தட்டுப்பாடு இந்தத் தொழிலில் எப்போதோ தீர்ந்துவிட்டது, ஸைஸின் தபாலிலேயே முக்கால்வாசி வந்துவிட்டது. தட்டுப்பாடு தோலுக்குத்தான். உன்னுடைய முதல் நூறு கோடும் கோணலாகத்தான் வரும். அந்த நூறும் யாரோ ஒருவர் உடம்பில், சாகும்வரை இருக்கும். ரெண்டு இடத்திலும் போய்க் கேள்: "என் முதல் கோட்டை யார் மேல போடச் சொல்வீங்க? அது கெட்டுப்போனா யார் சரி பண்ணுவாங்க?" இதற்குப் பதில் வைத்திருப்பவர் ஒரு வருஷம் கேட்டால் கொடுக்கலாம். எந்த மாதம் எது சொல்லித்தருவார் என்பதையும் முன்பே பேசிக்கொள். சாப்பாட்டுக்குக் காசு கேட்க வெட்கப்படாதே. பதில் இல்லாதவரிடம் சர்டிஃபிகேட் இருந்தாலும் வெளியே வந்துவிடு.

போய்க் கேட்டான். கோர்ஸ் நடத்துகிறவர் சிலிக்கான் தோலைக் காட்டினார். மற்றவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டித் தன் காலைக் காட்டினாராம். கெண்டைக்காலில் ஏழெட்டுக் கோணல் நட்சத்திரங்கள். அவரிடம் பழகிய பையன்கள் ஒவ்வொருவரும் முதலில் போட்டது. அடுத்த இடம் காலியாக இருந்தது.

அவன் இப்போது வார இறுதிகளில் அங்கே போகிறான். வேலையை இன்னும் விடவில்லை. ஊசியைத் தொட நாளாகும். போன வாரம் ஒருவருடைய விலாவில் தோலை மூன்று மணி நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், ரெண்டு கையும் மரத்துப்போச்சு ண்ணா என்று போனில் சொன்னான்.